புதியவரின் முதல் பிழை

இணையத்தில் ஆள் சேர்ப்பது பெரிய வேலை இல்லை. வந்தவர் மறுநாளும் வருவாரா என்பதுதான் கேள்வி. தமிழ் விக்கிப்பீடியா அதற்கு என்ன பதில் வைத்திருக்கிறது?

தமிழ் விக்கிப்பீடியாவின் பிறந்தநாள் 2003 செப்டம்பர் 30. பிறந்தது என்றால், விக்கிப்பீடியாவுக்குள் தமிழுக்கென ஓர் இடம் ஒதுக்கப்பட்டது, அவ்வளவுதான். உள்ளே போனால் கட்டுரைகள் இல்லை, ஆட்கள் இல்லை, அழுத்த வேண்டிய பொத்தான்கள்கூட ஆங்கிலத்தில் இருந்தன. அந்த ஆண்டின் கடைசியில் இ. மயூரநாதன் அங்கே வந்து சேர்ந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கட்டடக்கலை படித்தவர், வேலை பார்த்தது ஐக்கிய அரபு அமீரகத்தில். அவர் கையில் எடுத்த முதல் வேலைகளில் ஒன்று, தளத்தின் இடைமுகத்தைத் தமிழாக்குவது. பட்டியல்கள், எச்சரிக்கைகள், பிழைச் செய்திகள் என்று யாரும் பாராட்டப் போகாத நூற்றுக்கணக்கான சிறு வாசகங்களை ஒவ்வொன்றாகத் தமிழுக்குக் கொண்டுவர வேண்டும். அதன் பிறகு கட்டுரைகள். முதல் ஓராண்டு ஏறக்குறையத் தனியாளாகவே எழுதிக்கொண்டிருந்தார்.

அந்தக் காலத்தில் அது எவ்வளவு சிரமமான காரியம் என்பது இன்று கைப்பேசியில் பேசிப் பேசியே தமிழ் எழுதுகிறவர்களுக்குத் தெரிய நியாயமில்லை. பத்திரிகைத் தளங்கள் ஆளுக்கொரு எழுத்துருவை வைத்திருந்தன. ஒன்றுக்கு இறக்கியது இன்னொன்றில் உதவாது. விண்டோஸ் 98 வைத்திருந்தவர்களுக்கு யூனிகோடு தமிழ் கட்டம் கட்டமாகத் தெரியும், அல்லது கொம்பும் காலும் இடம் மாறிக் கிடக்கும். எழுதுவதைப் படிக்கவே பலரால் முடியாத ஊடகத்தில் ஒருவர் கலைக்களஞ்சியம் எழுதிக்கொண்டிருந்தார்.

இன்று அங்கே ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் இருக்கின்றன. 2017 மே மாதம் லட்சத்தைத் தாண்டியது. மயூரநாதன் மட்டும் நான்காயிரத்துக்கும் அதிகமான கட்டுரைகளைத் தொடங்கியிருக்கிறார். கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் 2015-ஆம் ஆண்டுக்கான இயல் விருதை அவருக்கு வழங்கியது. ஆனாலும் இந்த எண்களையும் விருதையும்விட அந்த ஆளில்லாத முதல் ஆண்டுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

புதிதாக ஒரு வாட்ஸ்அப் குழுவோ, முகநூல் பக்கமோ, டெலிகிராமில் ஒரு வாசகர் வட்டமோ தொடங்குகிறவர்கள் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "எப்படி ஆள் சேர்க்கிறது?" என்பதுதான். தொடர்புப் பட்டியலில் இருக்கிற எல்லாரையும் ஒரே இரவில் உள்ளே இழுத்துப் போட்டுவிடுகிறார்கள். வந்தவர்கள் எட்டிப் பார்க்கிறார்கள், ஒன்றும் நடக்கவில்லை, அறிவிப்பு ஒலியை அணைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். காலியாகக் கிடக்கும் ஹோட்டலில் யாரும் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. முதல் ஆள் வருவதற்கு முன்பே அடுப்பு எரிந்துகொண்டிருக்க வேண்டும். அதைத்தான் அந்த முதல் ஆண்டு செய்தது.

எழுதி முடித்ததைப் போலவே எழுதாமல் விட்டதும் அங்கே வேலை செய்தது. விக்கிப்பீடியாவில் இன்னும் எழுதப்படாத ஒரு கட்டுரைக்கு இணைப்புக் கொடுத்தால் அது சிவப்பாகத் தெரியும். சிவப்பிணைப்பு என்பார்கள். தஞ்சாவூரைப் பற்றிப் படிக்க வந்தவர் தன் ஊரின் பெயர் சிவப்பாக இருப்பதைப் பார்க்கிறார். "அடடா, நம்ம ஊரு இல்லையே" என்று கை துறுதுறுக்கிறது. அழுத்தினால் ஒரு வெற்றுப் பெட்டி திறக்கிறது, எழுதலாம். எல்லாவற்றையும் தானே செய்து முடித்து அழகாக வைத்திருக்கும் அமைப்பாளரைப் பார்த்தால் நாம் கைதட்டிவிட்டுக் கிளம்பிவிடுவோம். செய்ய வேண்டியது இன்னது என்று கண்ணெதிரே தெரிந்தால்தான் கூடமாட ஒரு கை கொடுக்கத் தோன்றும்.

இதற்கு நேர்மாறான கதையும் விக்கிப்பீடியாவின் குடும்பத்திலேயே உண்டு. 2000-ஆம் ஆண்டு ஜிம்மி வேல்ஸும் லாரி சாங்கரும் நூபீடியா என்ற இணையக் கலைக்களஞ்சியத்தைத் தொடங்கினார்கள். துறை வல்லுநர்கள் எழுதுவார்கள், ஒவ்வொரு கட்டுரையும் ஏழு படிகளில் சரிபார்க்கப்படும் என்பது ஏற்பாடு. தரத்தின் மீது அவர்களுக்கு இருந்த அக்கறையைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஏழு வாசல்களைத் தாண்டி வந்து சேர்ந்த கட்டுரைகள் மொத்தம் இருபது சொச்சம்தான். அதற்கு வரைவுகள் சேகரிக்க ஒரு துணை வழியாக 2001 ஜனவரி 15 அன்று தொடங்கப்பட்டதுதான் விக்கிப்பீடியா. யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம். அந்த ஆண்டு முடிவதற்குள் 18 மொழிகளில் சுமார் 20,000 கட்டுரைகள். 2003 செப்டம்பரில் நூபீடியா மூடப்பட்டது. தமிழ் விக்கிப்பீடியா பிறந்த அதே மாதம்.

வாசலைத் திறந்துவிட்டால் மட்டும் எல்லாரும் வேலை செய்யத் தொடங்கிவிடுவார்களா? மாட்டார்கள். இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2006-இல் எழுதிய ஒரு கணக்கு இந்தத் துறையில் எல்லாருக்கும் மனப்பாடம். நூறு பேர் இருந்தால் தொண்ணூறு பேர் பார்த்துவிட்டுப் போவார்கள், ஒன்பது பேர் எப்போதாவது ஏதாவது செய்வார்கள், ஒருவர்தான் விடாமல் உழைப்பார். தமிழ் விக்கிப்பீடியாவில் பதிவான கணக்குகள் இரண்டு லட்சத்துக்கும் மேல். ஒரு மாதத்தில் ஒரு திருத்தமாவது செய்கிறவர்கள் சில நூறு பேர். இதைக் கேட்டு மனம் சோர்கிற அமைப்பாளர்கள் இருக்கிறார்கள். பார்த்துவிட்டுப் போகிற தொண்ணூறு பேரைத் திட்டித் தீர்க்கிறவர்களும் உண்டு. "ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டேங்கிறீங்களே" என்று குழுவில் புலம்பி எழுதினால், கூச்சப்பட்டு ஒதுங்கி நின்றவர் ஓசையில்லாமல் வெளியேறிவிடுவார். படிக்க மட்டும் வருகிறவருக்கும் அங்கே இடம் உண்டு என்று ஏற்றுக்கொள்வதே நல்லது. நாளைக்கு எழுதப் போகிறவர் அவர்களுக்குள்தான் இருக்கிறார்.

அந்தத் தொண்ணூறிலிருந்து ஒருவர் ஒன்பதுக்குள் வருகிற நொடிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

வாருங்கள்!

தமிழ் விக்கிப்பீடியாவில் எந்தக் கட்டுரையைத் திறந்தாலும் மேலே அதன் வரலாற்றைக் காட்டும் ஓர் இணைப்பு இருக்கும். அதை அழுத்திப் பாருங்கள். தொடங்கிய நாள் முதல் அந்தக் கட்டுரையில் யார், எந்த நிமிடத்தில், எந்த எழுத்தை மாற்றினார் என்பது வரிசையாகக் கிடைக்கும். நான் பொழுதுபோகாத இரவுகளில் கட்டுரைகளைவிட இந்தப் பட்டியல்களைத்தான் அதிகம் படிக்கிறேன். பெயர் சொல்லாத ஒருவர் வந்து ஊரின் மக்கள்தொகையை மாற்றியிருப்பார், ஆதாரம் கொடுத்திருக்க மாட்டார். இன்னொருவர் தன் குலதெய்வக் கோயிலைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருப்பார். நெஞ்சாரப் பாராட்டியிருப்பார், வாக்கியம் ஒன்றும் முடிந்திருக்காது. ஒருவர் 'ல'வை 'ள' ஆக்கியிருப்பார், சரியாக இருந்ததைத் தப்பாக.

இப்போது பழைய ஆள் ஒருவர் இதைப் பார்க்கிறார். அவர் முன்னால் ஒரு பொத்தான் இருக்கிறது. ஒரே அழுத்தில் அந்த மாற்றம் மறைந்து பழைய நிலை வந்துவிடும். இரண்டு விநாடி வேலை. அல்லது, கோயில் பத்தியின் பாராட்டை நீக்கிவிட்டு, கோயில் இருக்கும் இடத்தையும் திருவிழா மாதத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு, வாக்கியத்தைச் சீராக்கி, எழுதியவருக்குச் செய்தி விடும் பேச்சுப் பக்கத்துக்குப் போய் இரண்டு வரி சொல்லலாம். இதற்குப் பதினைந்து நிமிடமாவது ஆகும். தமிழ் விக்கிப்பீடியாவில் புதிதாகக் கணக்குத் தொடங்கியவரின் பேச்சுப் பக்கத்தில் முதலில் விழும் செய்தி 'வாருங்கள்!' என்று தொடங்குகிறது. அது ஒரு வார்ப்புருதான், அச்சடித்த அழைப்பிதழ் போன்றது. அதற்குக் கீழே ஒரு மனிதர் தன் கையால் எழுதும் இரண்டு வரிதான் புதியவரை மறுபடி வரவழைக்கிறது.

அந்த இரண்டு விநாடிக்கும் பதினைந்து நிமிடத்துக்கும் உள்ள வித்தியாசம் என்ன செய்யும் என்பதற்கு ஆங்கில விக்கிப்பீடியா சாட்சி. 2007 வரை அங்கே தொடர்ந்து எழுதுகிறவர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. அதன் பிறகு சரிந்தது, 2013-க்குள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்துவிட்டது. ஏரன் ஹாஃபேக்கரும் சக ஆய்வாளர்களும் 2013-இல் வெளியிட்ட ஆய்வில் இதன் காரணத்தைத் தேடினார்கள். விஷமிகளை விரட்டுவதற்காகக் கொண்டுவந்த தானியங்கிக் கருவிகளும், ஆண்டுக்காண்டு இறுகிப்போன விதிகளும், நல்லெண்ணத்தோடு வந்த புதியவர்களின் முதல் முயற்சியையும் சேர்த்தே துடைத்து எறிந்தன. அப்படித் துடைக்கப்பட்டவர்களில் பலர் திரும்பி வரவில்லை. ஆய்வு வெளிவருவதற்கு முன்பே இந்தச் சரிவை உணர்ந்துதான் 2012-இல் 'டீஹவுஸ்' என்ற பெயரில் புதியவர்கள் தயக்கமில்லாமல் கேள்வி கேட்க ஓர் இடத்தை அங்கே திறந்தார்கள்.

இதிலுள்ள துயரம் என்னவென்றால், யாரும் கெட்டவர்கள் இல்லை. அந்தப் பொத்தானை அழுத்தியவர் தளத்தைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துத்தான் அழுத்தினார். ஒரு நாளைக்கு நூறு கிறுக்கல்களைத் துடைக்கிறவருக்கு நூற்றொன்றாவது ஆள் ஆர்வத்தோடு வந்த பள்ளி ஆசிரியை என்று எப்படித் தெரியும்? ஆனாலும் அந்த ஆசிரியைக்கு அது தன் வாழ்க்கையின் முதல் திருத்தம். ஓர் இணையக் குழு வளரப் போகிறதா தேயப் போகிறதா என்று என்னை யாராவது கேட்டால், உறுப்பினர் எண்ணிக்கையை நான் பார்க்க மாட்டேன். கடைசியாக வந்து சேர்ந்தவர் செய்த முதல் தவற்றுக்கு என்ன பதில் கிடைத்தது என்று பார்ப்பேன்.

கூலிக்கு எழுதிய காலம்

2009 வாக்கில் தமிழ் விக்கிப்பீடியாவில் திடீரென்று நீள நீளமான கட்டுரைகள் வந்து விழத் தொடங்கின. ஹாலிவுட் நடிகர்கள், அமெரிக்கப் பாடகர்கள், நோய்கள், மருந்துகள். கூகுள் நிறுவனம் தன் மொழிபெயர்ப்புக் கருவியைக் கொண்டு ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழாக்கச் சம்பளத்துக்கு ஆட்களை அமர்த்தியிருந்தது. தெலுங்கு, வங்காளம் முதலான வேறு மொழிகளிலும் இதே வேலை நடந்தது. தன்னார்வலர்கள் பல மாதம் மெனக்கெட்டு எழுதுவதை வாரத்தில் கொண்டுவந்து கொட்டினார்கள்.

கட்டுரை எண்ணிக்கையை மட்டும் பார்க்கிறவருக்கு இது கொண்டாட்டம். உள்ளே இருந்தவர்களுக்குத் தலைவலி. வாக்கியங்கள் ஆங்கிலத்தின் எலும்புக்கூட்டில் தமிழ்ச் சொற்களைத் தொங்கவிட்டதாக இருந்தன. எதைப் பற்றி எழுதுவது என்பதைத் தமிழ் வாசகரின் தேவை தீர்மானிக்கவில்லை. எழுதியவர்களின் பேச்சுப் பக்கத்தில் போய் "இந்தச் சொல் சரியில்லையே, மாற்றலாமா?" என்று கேட்டால் பதில் வராது. அவர்கள் கட்டுரையை ஒப்படைத்துவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டவர்கள். சீர்செய்யும் பாரம் முழுக்க விரல்விட்டு எண்ணக்கூடிய தன்னார்வலர்களின் தலையில் விழுந்தது.

வங்காள விக்கிப்பீடியர்கள் இதை ஏற்க மறுத்துவிட்டார்கள். தமிழர்கள் வேறு வழியில் போனார்கள். நிறுவனத்தோடு பேசினார்கள். எந்தத் தலைப்புகள் வேண்டும், தரம் எப்படி இருக்க வேண்டும், ஏற்கெனவே போட்டதைத் திருத்தாமல் புதியதைப் போடக் கூடாது என்று நிபந்தனை வைத்தார்கள். இந்த அனுபவம் முழுவதையும் தமிழ் விக்கிப்பீடியர் இரவிசங்கர் 2010-இல் போலந்தின் கதான்ஸ்க் நகரில் நடந்த விக்கிமேனியா மாநாட்டில் ஆய்வுரையாக முன்வைத்தார். 2011-இல் அந்தத் திட்டம் நின்றுபோனது. அப்போது வந்த கட்டுரைகளில் பலவற்றை இன்றும் யாராவது ஒருவர் சீர்செய்துகொண்டிருக்கிறார்.

உலகின் பெரும் நிறுவனங்களில் ஒன்றிடம், "உங்கள் பணமும் கருவியும் இருக்கட்டும், இங்கே எழுத வந்தால் இங்கே உள்ளவர்களோடு பேச வேண்டும்" என்று ஒரு சின்னக் கூட்டம் சொன்னது. எனக்கு அதில் மிகுந்த மதிப்பு உண்டு. உள்ளடக்கத்தை விலைக்கு வாங்கலாம். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் மனிதரை அப்படி வாங்க முடியாது என்பதை அந்த இரண்டாண்டுகள் காட்டின. இன்று செயற்கை நுண்ணறிவு நொடியில் கட்டுரை எழுதித் தரும் நிலையில், அதே பிரச்சினை எல்லா இணையக் குழுக்களின் வாசலிலும் மறுபடி வந்து நிற்கிறது.

ஆலமரத்தடியில்

பொதுவான விஷயங்களைப் பேசித் தீர்க்கும் பக்கத்துக்குத் தமிழ் விக்கிப்பீடியாவில் 'ஆலமரத்தடி' என்று பெயர். அங்கே நடந்த நீண்ட சண்டைகளில் பல எழுத்தைப் பற்றியவை. ஜ, ஸ, ஷ, ஹ என்ற கிரந்த எழுத்துகளை எழுதலாமா கூடாதா என்பதில் தொடங்கி, இலங்கைத் தமிழா தமிழ்நாட்டுத் தமிழா என்பது வரை. சென்னையில் படித்தவருக்கு இயற்பியல், வேதியியல். யாழ்ப்பாணத்தில் படித்தவருக்குப் பௌதிகவியல், இரசாயனவியல். ஒருவருக்கு டொராண்டோ, இன்னொருவருக்கு ரொறன்ரோ. இலங்கையரும் புலம்பெயர்ந்தோரும் தொடக்கத்திலிருந்தே தூண்களாக நின்ற இடம் அது. தமிழ்நாட்டுக்காரர்கள் எண்ணிக்கை கூடக்கூட, "பெரும்பான்மை வழக்கே போதும்" என்று முடித்திருந்தால் பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள்.

அப்படி முடிக்கவில்லை. எந்தச் சொல்லைத் தேடினாலும் ஒரே கட்டுரைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் 'வழிமாற்று' வசதி பாதிச் சண்டையைத் தணித்தது. இலங்கை பற்றிய கட்டுரையில் இலங்கை வழக்கை மாற்றாமல் விடுவது என்ற புரிதல் மெல்ல வளர்ந்தது. கிரந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. ஓய வேண்டும் என்பதும் இல்லை. சண்டை ஒரே இடத்தில், எல்லாரும் பார்க்கும்படி, எழுத்தில் நடக்கிறது. ஐந்தாண்டு கழித்து வருகிறவர் அதே கேள்வியைக் கேட்டால், "இங்கே பாருங்கள், பேசியிருக்கிறோம்" என்று காட்டலாம். வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே சண்டை மாதாமாதம் புதிதாகப் பிறப்பதற்குக் காரணம் இந்த ஞாபகம் இல்லாததுதான். நேற்றைய பேச்சு 'காலை வணக்கம்' படங்களுக்கு அடியில் புதைந்துபோகிறது. ஒரு குழுவில் 1,024 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் புதிதாக வந்தவருக்கு அவர் வருவதற்கு முன் நடந்த பேச்சில் பெரும்பகுதி தெரியாது.

யார் வீட்டுத் திண்ணை?

யாகூ குழுமங்கள் கோலோச்சிய காலத்தில் தமிழில் மரத்தடி, அகத்தியர், ராயர் காபி கிளப் என்று துடிப்பான கூட்டங்கள் இருந்தன. இன்று அறியப்பட்ட எழுத்தாளர்கள் பலர் அங்கே எழுதிப் பழகியவர்கள். இலக்கணம், கதை, சொந்த ஊர் நினைவு, வம்பு எல்லாம் கலந்து ஆண்டுக்கணக்கில் குவிந்தன. 2019 டிசம்பரில் யாகூ அந்தக் குழுமங்களில் இருந்த உள்ளடக்கத்தை அழித்தது. அடுத்த ஆண்டு சேவையையே மூடியது. யாராவது முன்கூட்டி எடுத்துவைத்தது தப்பியது. மற்றது போயே போய்விட்டது. ஆர்க்குட் 2014-இலும் கூகுள் பிளஸ் 2019-இலும் இப்படித்தான் கதவடைத்தன. உழைப்பு நம்முடையது, மண் அடுத்தவருடையது.

ஸ்பானிய மொழி விக்கிப்பீடியர்கள் இந்த ஆபத்தைச் சீக்கிரமே உணர்ந்தார்கள். விக்கிப்பீடியாவில் விளம்பரம் வரலாம் என்ற பேச்சு எழுந்தபோது, 2002 பிப்ரவரியில் அவர்களில் பெரும்பாலோர் தாங்கள் எழுதியதை எல்லாம் நகலெடுத்துக்கொண்டு செவில்யா பல்கலைக்கழகத்தின் கணினியில் தனிக் கலைக்களஞ்சியம் தொடங்கிவிட்டார்கள். உரிமம் அதற்கு இடம் கொடுத்தது. விளம்பரம் வரவே இல்லை. அடுத்த ஆண்டு ஜூன் மாதம் லாப நோக்கற்ற விக்கிமீடியா அறக்கட்டளை உருவானது. கிளம்பிப் போகும் உரிமை கையில் இருந்ததால்தான் அவர்கள் பேச்சு சபையேறியது.

எடுத்துப்போகும் இந்த உரிமையை முன்கூட்டியே கொடுத்த ஒரு தமிழ் முயற்சியைச் சொல்லாமல் விட முடியாது. 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆய்வில் இருந்த கு. கல்யாணசுந்தரமும் அமெரிக்காவில் இருந்த குமார் மல்லிகார்ஜுனனும் முன்னின்றார்கள். பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளக் கொடுப்பது வேலை. வெவ்வேறு நாடுகளில் இருந்தவர்கள் வீட்டில் உட்கார்ந்து தட்டச்சு செய்தார்கள், இன்னொருவர் மெய்ப்புப் பார்த்தார். அங்கே இறக்கும் ஒவ்வொரு நூலின் முகப்பிலும் தட்டச்சு செய்தவர் பெயரும் மெய்ப்புப் பார்த்தவர் பெயரும் இருக்கும். நூலை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம், ஒரே நிபந்தனை: அந்த முகப்புப் பக்கத்தை நீக்கக் கூடாது.

அந்த ஒற்றை நிபந்தனைக்குள் எவ்வளவு மனிதநேயம் இருக்கிறது! சம்பளம் இல்லை, மேடை இல்லை, பொன்னாடை இல்லை. முகமறியாத ஒருவர் இரவெல்லாம் விழித்துச் சிலப்பதிகாரத்துக்கு மெய்ப்புப் பார்த்தார் என்பது அந்த நூல் போகும் இடமெல்லாம் கூடவே போகிறது. தன்னார்வலருக்கு நாம் தரக்கூடிய கூலி அது ஒன்றுதான். அதைக்கூடத் தராமல், செய்தவர் பெயரை மறைத்து அமைப்பாளர் தன் படத்தைப் போட்டுக்கொள்ளும் குழுக்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவை ஆள் இல்லாமல் போனதையும் பார்த்திருக்கிறேன்.

திரையில் மட்டும் பேசிக்கொண்டிருந்தாலும் போதாது. தமிழ் விக்கிப்பீடியர்கள் கல்லூரிகளிலும் பள்ளிகளிலும் நடத்திய பயிலரங்குகளுக்கு ஒரு வரலாறே உண்டு. 2010 கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டித் தமிழக அரசோடு சேர்ந்து கல்லூரி மாணவர்களுக்குக் கட்டுரைப் போட்டி வைத்தார்கள், 2017-இல் அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். ஆலமரத்தடியில் முட்டிமோதிக்கொண்ட இருவர் நேரில் ஒரு காபி குடித்த பிறகு எழுதும் பதிலின் தொனியே வேறு.

இன்று யாராவது ஒரு குழுவைத் தொடங்கப் போகிறார் என்றால், நான் கேட்டுக்கொள்வது ஒன்று உண்டு. தலைமையை எப்போது பகிரப் போகிறீர்கள் என்பதை முதல் வாரத்திலேயே முடிவு செய்துவிடுங்கள். தமிழ் விக்கிப்பீடியாவில் நிர்வாகி பொறுப்புக்கு ஒருவரை முன்மொழிந்து, எல்லாரும் பார்க்கும் பக்கத்தில் வாக்கெடுத்துத்தான் தருகிறார்கள். நிர்வாகி எழுதிய கட்டுரைக்கும் தனிக் காவல் கிடையாது. நேற்றுக் கணக்குத் தொடங்கிய மாணவி அதில் ஆதாரமில்லாத ஒரு வரியைக் கண்டால் 'சான்று தேவை' என்று அதன் பக்கத்திலேயே குறித்துவிடலாம். நிர்வாகிதான் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். உங்கள் குழுவில் அட்மின் போட்ட செய்தி தவறு என்றால், புதிதாக வந்தவர் அதைச் சொல்ல வழி இருக்கிறதா? இல்லையென்றால் அந்த வழியை இந்த வாரமே ஏற்படுத்துங்கள். கூடவே, நீங்கள் ஒரு மாதம் ஊரில் இல்லாவிட்டாலும் புதியவருக்கு 'வாங்க' சொல்லக்கூடிய இரண்டு பேரைத் தேடிப் பிடித்து, அவர்களையும் அட்மின் ஆக்கிவிடுங்கள்.